பால் பாக்கெட்டுக்கு முந்துவதற்கு முன்: புயல் மழைக்குப் பின் வரும் பத்து நாட்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை, முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்துபோய் எட்டு பால் பாக்கெட் வாங்கி வந்தேன். வீட்டில் நாங்கள் நான்கு பேர். வழக்கமாக வாங்குவது இரண்டு பாக்கெட். முந்தின நாள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியிருந்தது. இரவே மின்சாரம் போய்விட்டது. குளிர்சாதனப் பெட்டி வெறும் அலமாரியாக நின்றது. மறுநாள் மாலைக்குள் மூன்று பாக்கெட் திரிந்துபோயின. அவற்றைக் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், எதிர்வீட்டு அக்கா ஒன்றரை வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எங்கேயாவது பால் கிடைக்கிறதா?" என்று மாடிப்படியில் நின்று கேட்டார். மிச்சமிருந்ததைக் கொடுத்தேன். ஆனால் கடையில் அவருக்குப் பால் இல்லாமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு என்பது அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.

இந்த வழிகாட்டி சென்னையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வடகிழக்குப் பருவமழை தொடும் கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி மக்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். கதை கதையாகச் சொல்லாமல் காலவரிசையில் போகிறேன்: மழைக்கு முந்தின மாதங்கள், எச்சரிக்கை வந்த நாள், முதல் மூன்று நாட்கள், அதன் பிறகு.

கடை ஏன் காலியாகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

ஒரு தெருமுனைக் கடைக்கு நாளொன்றுக்கு நாற்பது பிரெட் பாக்கெட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வீடுகள் ஆளுக்கொன்று வாங்கும். எச்சரிக்கை வந்த நாளில் முதலில் வந்த பத்து வீட்டார் ஆளுக்கு நான்கு வாங்கினால் கதை முடிந்தது. சரக்கு குறையவே இல்லை. ஆனாலும் முப்பது வீடுகளுக்கு இல்லை. காலியான அலமாரியைப் பார்த்தவர் பக்கத்துத் தெருவுக்கு ஓடி அங்கே ஐந்தாக வாங்குகிறார். பதற்றம் இப்படித்தான் தெருத்தெருவாகப் பரவுகிறது.

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தோம். மழை வலுப்பதற்கு முன்பே பாலும் பிரெட்டும் காய்கறியும் கடைகளில் தீர்ந்தன. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. பிறகு தாழ்வு மண்டலம் 17-ஆம் தேதி கரையைக் கடந்தது. அஞ்சிய அளவுக்கு நகரத்தில் மழை பெய்யவில்லை. கார் நிறுத்தியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2015-லும் 2023-லும் வண்டியை இழந்தவன் மூன்றாவது முறை சும்மா இருக்க மாட்டான். பயத்துக்கு நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தை எச்சரிக்கை நாளின் மாலை வரை தேக்கி வைப்பதில்தான் கேடு.

உண்மையான தட்டுப்பாடும் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மாடுகள் கறவை நிறுத்தவில்லை. பால்பண்ணைகளைச் சுற்றித் தண்ணீர் நின்றது, ஆட்கள் வேலைக்கு வர முடியவில்லை, வண்டிகள் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. காய்கறியும் அப்படியே: கோயம்பேட்டுக்கு ஆந்திரம், கர்நாடகம், நீலகிரியிலிருந்து இரவு லாரிகளில் வருகிறது. சாலை அடைபட்டால் சந்தை வெறிச்சோடும். சாலை திறந்தால் ஓரிரு நாளில் நிரம்பும். ஆகவே நீங்கள் கடக்க வேண்டியது பஞ்சத்தை அன்று. சாலை திறக்கும் வரையிலான சில நாட்களை. அந்தக் கணக்கில்தான் கீழுள்ள அளவுகள் அமைந்திருக்கின்றன.

படி 1: ஆவணி, புரட்டாசியிலேயே சிறுகச் சிறுகச் சேருங்கள்

2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவில் அரிசி, தண்ணீர், மின்கலம் எல்லாம் கடைகளில் மறைந்தன. புகுஷிமா அணு உலை விபத்தால் நகரத்துக் குடிநீரில் கதிரியக்க அயோடின் கண்டறியப்பட்டபோது, கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குத் தண்ணீர்ப் புட்டிகளை நிர்வாகமே பங்கிட வேண்டியிருந்தது. அந்நாட்டில் இன்று மக்களுக்குச் சொல்லித்தரும் முறை எளிமையானது: தினமும் சாப்பிடுவதையே கொஞ்சம் கூடுதலாக வாங்கி வை, பழையதை முதலில் எடு, எடுத்த அளவு திரும்ப வாங்கி வை. குறைந்தது 3 நாள், முடிந்தால் ஒரு வாரம்.

நமக்கு இது புதிதா என்ன? சித்திரை வெயிலில் வற்றலும் வடகமும் காயவைத்து ஐப்பசி அடைமழைக்கு எடுத்த வீடுகள் நம்முடையவை. மழைநாளில் காய்கறிக் கடைக்கு ஓடாமல் சுண்டைக்காய் வற்றலில் குழம்பு வைத்தார்கள். அந்தப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும்.

நால்வர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு நான் வைத்திருப்பவை: வழக்கமான மாத அரிசிக்கு மேல் 5 கிலோ, துவரம்பருப்பும் பாசிப்பருப்பும் ஒவ்வொரு கிலோ, அவலும் ரவையும் ஒவ்வொரு கிலோ, பொரிகடலை, வெல்லம், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய். அவலைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். அடுப்பு இல்லாவிட்டாலும் சுத்தமான தண்ணீரில் நனைத்து வெல்லம் போட்டால் குழந்தைகள் சாப்பிடும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் இரண்டிரண்டு கிலோ. காற்றோட்டமான இடத்தில், தனித்தனியாக.

இதை ஒரே நாளில் வாங்கக் கூடாது. வாரத்துக்கு இரண்டு பொருள் வீதம் வாங்கினால் பையும் கனக்காது, கடையும் காலியாகாது. நாட்கூலியில் வாழும் குடும்பத்தால் இதுவும் முடியாது என்பது எனக்குத் தெரியும். முடிந்தவர்கள் முன்கூட்டியே வாங்கிவிட்டால், எச்சரிக்கை நாளன்று கடையில் இருக்கும் சரக்கு அன்றைய கூலியோடு வருபவருக்குக் கிடைக்கும். இந்த வழிகாட்டியை எழுதுவதற்கு முதல் காரணமே இதுதான்.

படி 2: பாலை என்ன செய்வது

தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் சண்டை முழுவதும் இதற்காகத்தான் நடக்கிறது. 2015-ல் அரை லிட்டர் 100 ரூபாய்க்கு விற்றது. 2023-லும் பல இடங்களில் அதே கொள்ளை.

பாக்கெட் பாலை அடுக்கி வைப்பதில் பொருளே இல்லை. மின்சாரம் போனபின் மூடிய குளிர்சாதனப் பெட்டி சுமார் 4 மணி நேரம்தான் குளிரைக் காக்கும். பதிலாக இரண்டு பொருட்கள்: ஒரு பால்பவுடர் பை, பிரிக்காதவரை வெளியிலேயே மாதக்கணக்கில் கெடாத, அட்டைப்பெட்டியில் வரும் பால் நான்கைந்து. பின்னதைப் பிரித்தால் அன்றே தீர்த்துவிட வேண்டும். பெரியவர்கள் ஒரு வாரம் கருப்பட்டிக் காப்பியோ வறத் தேநீரோ குடித்தால் எதுவும் ஆகிவிடாது. பாக்கெட் பால் குழந்தைக்கும், வேறு எதுவும் இறங்காத நோயாளிக்கும், பல் இல்லாத பாட்டிக்கும் போகட்டும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். வெள்ளமும் பயமும் தாய்ப்பாலை வற்றச் செய்துவிடும் என்று சொல்லிப் பவுடர் டப்பாவை நீட்டுகிறார்கள். அப்படி நிறுத்த வேண்டியதில்லை. தாய்க்கு வயிறு நிறையச் சாப்பாடும் குடிக்கத் தண்ணீரும் உட்கார ஓர் இடமும் கொடுங்கள். அசுத்தத் தண்ணீரில் கரைத்த பவுடர், வெள்ள நாட்களில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். ஏற்கெனவே புட்டிப்பால் குடிக்கும் குழந்தை என்றால் பத்து நாளைக்கான டப்பா கையிருப்பில் இருக்க வேண்டும். அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

படி 3: மருந்து, பணம், காகிதம்

சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு மாத்திரைகள் எப்போதும் 15 நாள் கூடுதலாக இருக்கட்டும். பயன்படுத்தத் தொடங்கிவிட்ட இன்சுலின் சாதாரண அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். பிரிக்காததை மின்சாரம் இல்லாதபோது ஈரமணல் பானைக்குள் சிறு டப்பாவில் வையுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர் வீட்டில் இருந்தால், எச்சரிக்கை வந்தவுடன் மருத்துவமனைக்குப் பேசி முறையை முன்னதாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சாலை மூழ்கியபின் கேட்டுப் பயனில்லை.

2015-ல் ஏடிஎம் இயங்காமல் தவித்தோம். 2023-ல் கைபேசிக் கோபுரங்கள் அணைந்ததால், கணக்கில் பணம் இருந்தும் கடைக்காரரிடம் கொடுக்க வழியில்லாமல் நின்றோம். இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாயை 10, 20, 50, 100 நோட்டுகளாக வைத்திருங்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் மீதி தரக் கடைக்காரரிடம் சில்லறை இருக்காது. குடும்ப அட்டை, ஆதார், காப்பீட்டுப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில், தலைக்கு மேல் உயரத்தில்.

படி 4: எச்சரிக்கை வந்த நாள்

வானிலை மையம் ஆரஞ்சு நிற எச்சரிக்கை விடுத்ததும் தொடங்குங்கள்; சிவப்புக்குக் காத்திருக்க வேண்டாம். முதல் வேலை தண்ணீர். மின்சாரம் இருக்கும்போதே மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்புங்கள். குடம், வாளி, பெரிய பாத்திரம், குளியலறை டிரம் எதையும் விடாதீர்கள். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 லிட்டர். நால்வர் நான்கு நாளைக்கு 20 லிட்டர் கேன் மூன்று வைத்திருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். பத்துக் கேன் கேட்டு விநியோகிப்பவரை நச்சரிப்பது அநியாயம்.

தரைக்குக் கீழுள்ள தொட்டியின் மூடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் விரித்துக் கல் வையுங்கள். முழுக்கத் தடுக்காது என்றாலும், தெருச்சாக்கடை நேராக உள்ளே பாய்வதைத் தள்ளிப்போடும்.

கைபேசி, பவர்பேங்க், அவசரவிளக்கு எல்லாவற்றையும் முழுதாக மின்னேற்றுங்கள். கேஸ் அடுப்புக்கு மாற்று சிலிண்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மெழுகுவத்தி, தீப்பெட்டி, கொசுவத்தி, நாப்கின், குழந்தைக்கான அணையாடை: வெள்ளம் வடியும் வரை கடைக்குப் போகாமல் இருக்க இவைதான் உதவும், பட்டியலில் முதலில் மறப்பதும் இவற்றைத்தான். பெட்ரோலைக் கேனில் வாங்கி வீட்டுக்குள் வைக்காதீர்கள். மெழுகுவத்தி எரியும் வீட்டில் அது வெடிகுண்டு.

கடைக்குப் போவதற்கு முன் அலமாரியைத் திறந்து பார்த்துச் சீட்டு எழுதிக்கொண்டு போங்கள். சீட்டில் இல்லாததை வாங்க வேண்டாம். எனக்கு 2015-க்குப் பிறகு மிகவும் உதவிய பழக்கம் இது. வெறும் பையோடு போகிறவன் கையில், பக்கத்தில் நிற்பவர் எடுப்பதெல்லாம் ஏறும்.

படி 5: தண்ணீர் நிற்கும் மூன்று நாட்கள்

வெள்ளம் வாசலைத் தொட்டால் முதன்மை மின்விசையை அணையுங்கள். ஈரக்கையோடு தொடாதீர்கள், தண்ணீர் ஏற்கெனவே அங்கே எட்டிவிட்டால் கிட்டவே போகாதீர்கள், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சி 1913, ஆம்புலன்ஸ் 108. கைபேசி அணைந்துவிடலாம் என்பதால் இவற்றைச் சமையலறைச் சுவரில் பேனாவால் எழுதி ஒட்டுங்கள்.

முதலில் கெடுவதை முதலில் சமையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் மாவும் காயும் முதல் நாள். உருளை, வெங்காயம் இரண்டாம் நாள். அவலும் பருப்புப்பொடியும் மூன்றாம் நாளுக்கு. பலர் பயத்தில் முதல் நாளே நொறுக்குத்தீனியைப் பிரித்துவிட்டுக் காய்கறியை அழுகவிடுகிறார்கள். அரிசி வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள், உப்புப் போட்டுக் குடியுங்கள்.

கைபேசியில் படமும் வீடியோவும் அனுப்புவதை நிறுத்துங்கள். அலைவரிசை பலவீனமாக இருக்கும்போது குறுஞ்செய்தி போய்ச்சேரும் வாய்ப்பு அதிகம். ஒரு மணிக்கு ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அணைத்து வையுங்கள். மின்கலத்தில் ஓடும் சிறு வானொலி ஒன்று இருந்தால் பெரிய நிம்மதி.

வதந்தியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2015-ல் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று செய்தி பரவியது. பண்ணை நிர்வாகமே மறுக்க வேண்டியிருந்தது. "ஒரு வாரத்துக்குப் பால் வராதாம்" என்ற ஒரு வரி, முதலைச் செய்தியைவிட அதிகச் சேதம் செய்யும். அரை மணி நேரத்தில் ஒரு பேட்டையின் கடைகளைக் காலியாக்கிவிடும். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று தெரியாத எதையும் தெருக்குழுவில் போடாதீர்கள். பதிலாக இப்படிப் போடுங்கள்: "காலை 7 மணி, இரண்டாவது தெருக் கடை திறந்திருக்கிறது, பால் இருக்கிறது, தலைக்கு ஒன்று தருகிறார்." இந்த ஒரு வரி நூறு பேரின் அலைச்சலைக் குறைக்கும்.

படி 6: கடை வாசலில்

வாங்குகிறவருக்கு: கொஞ்சம்தான் இருக்கிறது என்று தெரிந்தால் பின்னால் நிற்கும் வரிசையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். குழந்தையோடு நிற்பவரை முன்னால் விடச் சொல்லிக் கேளுங்கள். யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் வரிசை ஒத்துக்கொள்ளும். பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். பொட்டலத்தைப் படமெடுத்து, நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். ஆனால் அச்சிட்ட விலை இல்லாத காய்கறியில், இடுப்பளவுத் தண்ணீரில் மீன்பாடி வண்டியில் ஏற்றிவந்தவர் பத்து ரூபாய் கூட்டினால் அதைக் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

கடைக்காரருக்கு: அளவுக் கட்டுப்பாட்டை முதல் மணியிலேயே அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். சரக்கு பாதி தீர்ந்தபின் "தலைக்கு ஒன்று" என்றால் அடிதடி வரும். ஷட்டரைப் பாதி இறக்கித் தெரிந்தவருக்குப் பின்பக்கம் கொடுப்பதைப் பார்த்தால் வரிசை அங்கேயே உடைந்துவிடும். அத்தனை நாள் கடனுக்குக் கொடுத்துத் தெருவைக் காத்த அண்ணாச்சிகளும் இருக்கிறார்கள். மழை வடிந்த பிறகு பெரிய கடையின் தள்ளுபடியைத் தேடிப் போகும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: தெருவாகச் சேர்ந்து கணக்கெடுங்கள்

ஒவ்வொரு வீட்டிலும் எல்லாமும் இருக்க வேண்டியதில்லை. பதினைந்து வீடுகளில் ஒரு வீட்டில் இன்வர்ட்டர், ஒரு வீட்டில் கூடுதல் சிலிண்டர், இன்னொரு வீட்டில் கைப்பம்பு இருக்கும். முதல் நாள் மாலையே ஒருவர் நோட்டு எடுத்து எழுதட்டும்: எந்த வீட்டில் குழந்தை, எந்த வீட்டில் தனியாக முதியவர், யாருக்கு என்ன மருந்து. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்த பிறகு, டெல்டா ஊர்களில் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தொட்டி நிரப்பினார்கள், கைபேசிகளுக்கு மின்னேற்றினார்கள். தனி வீட்டுக்கு அந்த வாடகை கட்டாது. தெருவாகச் சேர்ந்தால் கட்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுமார் 800 பயணிகள். சுற்றிலும் தண்ணீர், உதவி வர வழியில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசி பருப்பை எடுத்துச் சமைத்துப் போட்டார்கள். நாளைக்கு நமக்கு என்ன என்று அவர்களும் யோசித்திருப்பார்கள். யோசித்த பிறகும் உலை வைத்தார்கள்.

வெளியிலிருந்து உதவி கொண்டுவருபவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய துணி மூட்டை வேண்டாம். தேவை என்னவென்று தொலைபேசியில் கேட்டுவிட்டு வாருங்கள். பிரதான சாலையில் முதலில் கண்ணில் படும் தெருவில் கொடுத்துவிட்டுத் திரும்பினால், உள்ளே இருக்கும் குடிசைப் பகுதிக்கு ஐந்தாம் நாளும் எதுவும் போய்ச்சேராது.

படி 8: தண்ணீர் வடிந்த பிறகு

முதல் லோடு வந்த அன்று இரண்டாவது முண்டியடிப்பு நடக்கும். வழக்கமான அளவே வாங்குங்கள். மறுநாளும் வண்டி வரும்.

குழாய் நீரைக் கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டுக் குடியுங்கள். குளோரின் மாத்திரை என்றால் உறையில் எழுதிய அளவில் போட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். வெள்ளம் புகுந்த தரைத்தொட்டியை முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, மாநகராட்சி ஊழியர் சொல்லும் அளவில் பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே நிரப்ப வேண்டும். வயிற்றுப்போக்கு தொடங்கினால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. சேற்றில் இறங்கியவருக்கு அடுத்த வாரங்களில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம்; வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மூழ்கிய சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஆள் வந்து சோதிக்காமல் பற்றவைக்காதீர்கள். கசிவு என்றால் 1906. மூழ்கிய வண்டியைக் கிளப்பிப் பார்க்காதீர்கள், இயந்திரத்துக்குள் தண்ணீர் போனபின் கிளப்பினால் பழுது பெரிதாகும், காப்பீட்டிலும் சிக்கல் வரும். கழுவுவதற்கு முன் சேதத்தைப் படமெடுங்கள். மிக்ஜாமுக்குப் பிறகு 6,000 ரூபாய் நிவாரணம் டோக்கன் முறையில் ரேஷன் கடை வழியாகக் கொடுத்தார்கள். டோக்கனில் எழுதிய நாளிலும் நேரத்திலும் போனால் போதும், விடியலிலேயே போய் நிற்க வேண்டியதில்லை.

தை பிறந்ததும் அலமாரியைத் திறந்து மிச்சத்தை எண்ணுங்கள். அவலைப் பாயசமாக்குங்கள், பால்பவுடரின் தேதியைப் பாருங்கள், மாத்திரைகளை வழக்கமான டப்பாவுக்கு மாற்றுங்கள். தீர்ந்த பொருட்களின் பெயரை நாட்காட்டியில் ஆவணி மாதத் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.